அண்ணன் அனுப்பிய ரோஜா

டீச்சரின் வகுப்பு ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் நடந்தது. வாரம் முழுக்கக் கீழேயிருந்து தோல் நாற்றமும் பசை நாற்றமும் ஏறி வரும். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்பதால் வகுப்பும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். முந்தின நாள் மாலையே ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்துவிட்டுப் போவார். மறுநாள் நாங்கள் படியேறி உள்ளே போனால் கழுவித் துடைத்த கண்ணாடி டம்ளர் போல இருக்கும் அந்த அறை. சென்ட் போட்டுக்கொண்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். வாசனை சோப்புக்கும் அதே கதிதான்.

"குளிச்சிட்டு வாங்க. ஆனா குளிச்ச மாதிரி தெரியக் கூடாது" என்பார்.

அவர் செய்தது வாசனைத் தைலம். பூ, இலை, வேர், பட்டை, பிசின், பழத்தோல் இவற்றிலிருந்து எடுத்ததை மட்டுமே சேர்ப்பார். ஆய்வுக்கூடத்தில் பிறந்தது ஒரு சொட்டுகூட அந்த அறைக்குள் வரக் கூடாது. நான் அவரிடம் மூன்று வருடம் படித்தேன். தைலம் செய்யும் அளவுக்கு எனக்கு மூக்கு வாய்க்கவில்லை. ஆனால் அவர் பேசுவதைக் கேட்க அலுக்காது என்பதால் போய்க்கொண்டே இருந்தேன். இங்கே எழுதுவதில் பாதி நான் நேரில் பார்த்தது. மீதி அவரே பிற்பாடு சொன்னது.

ஒரு வாரம் முழுக்க ஒரே ஒரு பொருளைத்தான் தருவார். உதாரணத்துக்கு, கிராம்பு மொட்டு. ஒரு காகிதக் குச்சியை அதன் எண்ணெயில் நனைத்து ஆளுக்கு ஒன்று கொடுப்பார். முகர்ந்ததும் "நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் தொலைந்தார்கள். "நல்லா இருக்கா இல்லையான்னு நான் கேக்கல. அது என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க. மூக்குக்கு வருதா, தொண்டைக்குப் போகுதா? சூடா இருக்கா, காய்ஞ்சு இருக்கா? நாளைக்கு காலைல அது உயிரோட இருக்குமா?" மறுநாள் காலை அதே குச்சியை முகர்ந்து அவருக்குப் போன் செய்ய வேண்டும். ஆரஞ்சுத் தோல் மதியத்துக்குள் செத்துப்போகும். பிசின்கள் வாரக் கணக்கில் கிடக்கும். எது எதைத் தாங்கும், எது எதன் கழுத்தை நெரிக்கும் என்று தெரிந்த பிறகுதான் இரண்டைச் சேர்க்கவே அனுமதிப்பார்.

இதற்கெல்லாம் முன்னால் அவர் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ரசாயனம் படித்துவிட்டு நேராக அங்கே போனார். ஒவ்வொரு சோப்புக் கலவையிலும் வாசனை சரியாக இருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பதுதான் வேலை. எலுமிச்சை சோப்பு, சந்தன சோப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக ரோஜா சோப்பு. பத்து வருடம் அதையே முகர்ந்தார். கடைசியில் தலைவலி விடவில்லை. ஒருநாள் மல்லிகைச் செடிப் பக்கம் நின்றபோது, "இது என்ன, மல்லி சோப்பு மாதிரியே இருக்கே" என்று நினைத்தாராம். அடுத்த வாரமே வேலையை விட்டார்.

வீட்டில் இருந்தவர்கள், சொந்தக்காரர்கள், தொழிற்சாலைத் தோழிகள் எல்லோரும் ஏசினார்கள். அவருடைய கணவர் மட்டும் ஏசவில்லை. அவர் பல் செட் செய்கிறவர். வீட்டின் பின்னறையில் மெழுகும் சாந்துமாக உட்கார்ந்து, ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டிக்கொண்டிருப்பார். "நான் வாயைப் பாத்துக்கறேன், நீ மூக்கைப் பாத்துக்கோ. யாராவது கண்ணு பாக்குற ஆள் கிடைச்சா முழு மூஞ்சிக்கும் கடை போட்டுடலாம்" என்றார். ஆனால் அவர் வருமானத்தில் வீடு மட்டும்தான் ஓடும். பூக்களுக்கும் எண்ணெய்க்கும் என்ன செய்வது?

அதற்குக் கை கொடுத்தவர் அண்ணன்.

டீச்சரைவிட மிகவும் மூத்தவர். அப்பா போனபோது டீச்சர் சின்னக் குழந்தை. அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மலைப்பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பூப் பறிக்கப் போனார். பிறகு அங்கேயே அண்டா காய்ச்சக் கற்றுக்கொண்டார். ரோஜாவை நீரோடு சேர்த்துச் செப்பு அண்டாவில் கொதிக்கவிட்டு, ஆவியைக் குளிர்ந்த குழாய் வழியே இறக்கினால், நீரும் அதன் மேலே மெல்லிய படலமாக எண்ணெயும் வந்து சேரும். மலை மலையாகப் பூக்களைக் கொட்டினாலும் கிடைக்கும் எண்ணெய் ஒரு சின்னப் புட்டிக்குத்தான் காணும். அந்த வேலையில் தங்கையைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார், பின்னால் சொந்தமாகத் தோட்டமும் வாங்கினார். டீச்சருக்கு ஐம்பது தாண்டியும் அவர் வாயில் வந்தது "பாப்பா"தான்.

வேலையை விட்ட செய்தி தெரிந்ததும் போனில் அவர் சொன்னது இதுதான்: "விடு பாப்பா. மூக்கு உன்னோடது. அதை ஏன் கண்டவனுக்கு வாடகைக்கு விடணும்? நீ ஆரம்பி. ரோஜா நான் தர்றேன்."

சொன்னபடி தந்தார். ஒவ்வொரு வருடமும் பூக்காலம் முடிந்ததும் ஓர் அலுமினியப் புட்டி வரும். உடையாது என்றாலும் அதைத் தன்னுடைய பழைய கம்பளிச் சட்டையில் சுற்றித்தான் அனுப்புவார். டீச்சர் அந்தச் சட்டைகளைக்கூடத் தூக்கிப் போடவில்லை. குளிர் நாளில் வகுப்புக்கு அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வருவார். அது அவருக்குத் தொளதொளவென்று தொங்கும்.

எங்கள் படிப்பில் ரோஜாவுக்கு என்று ஒரு நாள் உண்டு. அன்று டீச்சர் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசுவார். அலுமினியப் புட்டியைத் திறந்து ஒவ்வொருவருக்கும் தானே குச்சியை நனைத்துக் கொடுப்பார்.

"இதை மனசுல வாங்கிக்குங்க. இதுதான் அளவுகோல். நாளைக்கு எவன் எதைக் கொண்டுவந்து ரோஜான்னு சொன்னாலும் இதுக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. இந்தத் தொழில்ல ரோஜாவுல ஏமாத்துற மாதிரி வேற எதுலயும் ஏமாத்த மாட்டாங்க."

இனிப்பாக, வட்டமாக, ஒரு முனைகூட இல்லாமல் இருக்கும் அந்த வாசனை. நாங்கள் கண்ணை மூடிக்கொள்வோம். எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால், "எங்க அண்ணன்கிட்டதான்" என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு வெட்கம் கலந்த பெருமை வரும். அவரிடம் படித்துவிட்டுப் போனவர்கள் கடை வைத்தார்கள், சோப்புக் காய்ச்சினார்கள், தைலம் விற்றார்கள். ரோஜா மட்டும் எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. அண்ணனின் தோட்டம் பக்கத்துச் சரிவுக்கும் பரவியது.

எங்களில் சிறந்த மூக்கு, கூடப் படித்த ஒரு நர்ஸுடையது. அவர் மருத்துவமனையில் பல வருடம் வேலை பார்த்தவர். வார்டுக்குள் நுழைந்ததுமே எந்தக் கட்டிலில் புண் சீழ் வைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். டாக்டர்கள் கிண்டல் செய்வார்கள், ஆனால் போய்ப் பார்ப்பார்கள். டீச்சருக்கு அவர்மேல் தனிப் பிரியம். "இவளுக்கு நான் சொல்லித் தரல. இவ மூக்குக்குப் பேர் வெச்சுக் குடுத்தேன், அவ்வளவுதான்" என்பார்.

அந்த நர்ஸ் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு மலையில் நிலம் குத்தகைக்கு எடுத்தார். அண்ணனின் தோட்டத்துக்கு அடுத்த பள்ளத்தாக்கு. சொந்தமாக ரோஜா போட்டு, சொந்தமாகக் காய்ச்சப் போவதாகச் சொன்னார். டீச்சர் சந்தோஷப்பட்டார். செடி பிடித்துப் பூக்க இரண்டு மூன்று வருடம் ஆயிற்று. அதுவரை நர்ஸ் கையில் கீறல் இல்லாமல் வகுப்புப் பக்கம் வந்ததே இல்லை.

முதல் தடவை காய்ச்சியபோது இறங்கிய எண்ணெயைக் கைக்குட்டையில் சுற்றி அவர் கொண்டுவந்த நாளில் நானும் இருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை பழைய மாணவர்கள் எல்லோரும் கூடும் ஞாயிறு அது. நாற்காலி போதாமல் பாதிப் பேர் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தோம். முன்வரிசையில் விருந்தாளியாக அண்ணனும் அண்ணியும். அண்ணனை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். பெரிய கைகள், சின்னக் குரல். எங்களில் பலர் அவரிடம் வாங்குகிறவர்கள் என்பதால் ஒவ்வொருவராக வந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் நர்ஸின் எண்ணெயில் குச்சியை நனைத்தார். மூக்கருகே கொண்டுபோனார். உடனே எடுத்துவிட்டு, மறுபடி கொண்டுபோனார். அவர் முகம் மாறுவதை அறை முழுக்கப் பார்த்தது.

"எங்க வாங்கின இதை?"

"வாங்கல டீச்சர். நானே காய்ச்சினது."

டீச்சர் இன்னொரு குச்சியை அண்ணனின் எண்ணெயில் நனைத்தார். இரண்டையும் மாறி மாறி முகர்ந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். அவருக்கு அது பாடமாகிவிட்டது. பாடம் என்று வந்துவிட்டால் எதிரே இருப்பவர் யார் என்பது அவருக்கு மறந்துவிடும்.

"எல்லாரும் கவனிங்க. முதல்ல என்ன வருது? மிளகு மாதிரி ஒரு காரம். அடுத்தது மெழுகு. அதுக்குக் கீழ தேன், ஆனா அடிப்பிடிச்ச தேன். கடைசில பச்சைக் காம்பு ஒடிச்ச மாதிரி ஒரு கசப்பு. இது பூ இல்ல. ஒண்ணு, காம்பும் இலையும் சேத்துப் போட்டுக் காய்ச்சியிருக்கணும். இல்லேன்னா எதையோ கலந்திருக்கணும்."

"நான் எதையும் கலக்கல டீச்சர்" என்றார் நர்ஸ்.

"அப்போ உன் அண்டா சரியில்ல. எதுவா இருந்தாலும் இதை ரோஜான்னு சொல்லி வெளிய குடுக்காத. என்கிட்ட படிச்சேன்னு சொல்லிக்கிட்டு குடுக்கவே குடுக்காத."

குச்சிகள் கைமாறின. நாங்களும் முகர்ந்தோம். ஆமாம், மிளகு. ஆமாம், மெழுகு. டீச்சர் சொன்னது ஒவ்வொன்றும் இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணனுடையது பட்டு, இது சாக்குத் துணி. தலையாட்டாத ஆள் அந்த அறையில் இல்லை.

நர்ஸ் அப்போது அண்ணனைப் பார்த்தார். "அண்ணே, நீங்க காய்ச்சுறவர்தானே. நீங்க சொல்லுங்க."

அண்ணன் குச்சியை வாங்கினார். நிதானமாக முகர்ந்தார். அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"முதல் வருஷம் அப்படித்தாம்மா இருக்கும். போகப் போக கை பழகிடும்" என்றார்.

எவ்வளவு பெருந்தன்மையான மனிதர் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். போட்டிக்கு வந்தவளிடம்கூட எவ்வளவு பக்குவமாகப் பேசுகிறார் என்றோம். நர்ஸ் புட்டியை மூடி, கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அவரிடம் எண்ணெய் வாங்குவதாகச் சொல்லியிருந்தவர்கள் எல்லோரும் எங்கள் கூட்டத்து ஆட்கள்தான். ஒருவரும் வாங்கவில்லை. ஒரு வருடம் கழித்து, அவர் மறுபடி மருத்துவமனைக்கே போய்விட்டதாகக் காதில் விழுந்தது. டீச்சர் அதைக் கேட்டு வருத்தப்பட்டார். "நல்ல மூக்கு. பொறுமை பத்தல" என்றார்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் போயின. ஒரு பூக்காலத்தின் நடுவில் அண்ணனுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டுப் போட்ட கண்ணோடு ஆவிப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணி போன் செய்தார். டீச்சர் வகுப்பை நிறுத்திவிட்டுக் கிளம்பினார். பூக்காலத்தில் அவர் அந்தத் தோட்டத்துக்குப் போவது அதுதான் முதல் தடவை. மற்ற வருடங்களில் பூ பூக்கும் வாரங்களில்தான் அவருக்கு வகுப்பும் தைல வேலையும் நெருக்கும். போனதெல்லாம் செடிகளைக் கத்தரித்துவிட்ட பிறகு, பூவே இல்லாத நாட்களில்தான்.

வெயில் ஏறுவதற்குள் பூப் பறித்தாக வேண்டும். பனி ஈரத்தோடு சாக்குகள் வந்து இறங்கின. டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்குள் நின்றார். அண்டாக்காரர் பூக்களைக் கொட்டி, மூடி, தீயைத் தணித்து வைத்தார். அவர் அண்ணனிடம் வேலைக்குச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. குழாயிலிருந்து முதலில் வெதுவெதுப்பான நீர் சொட்டியது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் குடுவையின் கழுத்தில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு மெல்லிய வளையம் திரண்டது. டீச்சர் குச்சியை நனைத்தார். சின்னப் பிள்ளை மாதிரி ஆசையாக இருந்ததாம் அவருக்கு. பிறந்த கணத்திலேயே அதை முகரப் போகிறோமே என்று.

மிளகு. மெழுகு. அடிப்பிடித்த தேன். பச்சைக் காம்பு.

அப்போதுகூட அவருக்கு முதலில் தோன்றியது அண்டா சரியில்லை என்பதுதான்.

"இதை இறக்கிக் கழுவிடுங்க. ஏதோ ஒட்டியிருக்கு."

"நேத்துதாம்மா தேய்ச்சுக் கழுவினேன். வாசனை சரியாத்தானே இருக்கு?"

"அண்ணன் அனுப்புறது இப்படி இருக்காதே."

அண்டாக்காரர் சிரித்தார். "ஓ, அதைச் சொல்றீங்களா? அது கலந்ததுக்கு அப்புறம்மா. அந்த ரூம்ல டின் இருக்கு பாருங்க. மத்தவங்களுக்குப் போறதை நாங்க கலந்துடுவோம். உங்களுக்குப் போற புட்டியை மட்டும் ஐயா யாரையும் தொட விட மாட்டாரு. தன் கையாலதான் கலப்பாரு. தங்கச்சிக்கு இப்படி இருந்தாத்தான் புடிக்கும்னு சொல்லுவாரு."

அண்டாக்காரர் அதை அண்ணன் தங்கைப் பாசத்துக்கு உதாரணமாகத்தான் சொன்னார். டீச்சருக்கு இது தெரியாது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

டீச்சர் அந்த அறைக்குப் போனார். இரண்டு பெரிய டின்கள். ஒன்றில் ரோஜா மணம் வீசும் ஏதோ இலையின் மலிவு எண்ணெய். இன்னொன்றின் மூடியைத் திருகிய உடனே, மூக்கருகே கொண்டுபோகும் முன்பே தெரிந்துவிட்டது. தொழிற்சாலையில் பத்து வருடம் முகர்ந்த ரோஜா சோப்பு.

"கீழ உக்காந்துட்டேன்" என்று என்னிடம் சொன்னார். "எதை விட்டுட்டு ஓடி வந்தேனோ அதையே எனக்கு ஊட்டி வளத்திருக்கான். நானும் அதை எத்தனை பேருக்கு ஊட்டியிருக்கேன்!"

அண்ணன் முன்கூடத்தில் சாய்வு நாற்காலியில் ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் டின் மூடியை அண்ணனின் மடியில் வைத்தார். தடவிப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கே காது குத்திட்டியா அண்ணே?"

அண்ணன் மூடியை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். பிறகு, "உக்காரு பாப்பா" என்றார்.

"உக்கார மாட்டேன். சொல்லு."

"நீ வேலையை விட்டு ஆரம்பிச்ச வருஷம் ஞாபகம் இருக்கா? ஆலங்கட்டி மழை. மொட்டெல்லாம் கொட்டிப்போச்சு. உனக்கு வாக்குக் குடுத்துட்டேன். கையில இருந்தது ஒரு ஸ்பூன். என்ன பண்ண? ஒருத்தன் சொன்னான், கலந்து அனுப்பினேன். உனக்குத் தெரிஞ்சுடும், நீ ஏசுவேன்னுதான் நெனச்சேன். நீ போன் பண்ணி அழுத. 'அண்ணே, இந்த மாதிரி ரோஜா நான் மோந்ததே இல்ல'ன்னு சொன்ன."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் சுத்தமானதைத்தான் அனுப்பினேன். நீதான் 'இந்தத் தடவை ஏதோ சரியில்ல அண்ணே, கரகரன்னு இருக்கு'ன்ன. அதனால மறுபடி கலந்தேன். நான் ரெண்டும் அனுப்பினேன் பாப்பா. நீதான் இதை எடுத்த."

டீச்சருக்கு அந்தப் போன் நினைவு வந்தது. அவர் சொன்னது உண்மை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"சரி, எனக்குத் தெரியல. என் மூக்கு அப்படி. மத்தவங்களுக்கு வித்தியே?"

"இதுதான் ரோஜான்னு நீ சொல்லிக் குடுத்த. அவங்க வந்து அதைத்தான் கேட்டாங்க. சுத்தமானதைக் குடுத்தா கலப்படம்னு திருப்பி அனுப்பிடுவாங்க. நான் என்ன செய்ய?"

"அந்த நர்ஸ் பொண்ணு உன்னைப் பாத்துக் கேட்டாளே அண்ணே. நீங்க சொல்லுங்கன்னு கேட்டாளே. அப்ப உனக்குத் தெரியும்ல, அவளோடதுதான் நெஜம்னு?"

அண்ணன் கட்டில்லாத கண்ணையும் மூடிக்கொண்டார். காய் நறுக்கிய கையை நிறுத்தாமலே அண்ணி சொன்னார்: "நான் அன்னைக்கே கார்ல வரும்போது சொன்னேன், பாவம் அந்தப் பொண்ணுன்னு."

டீச்சர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். "கார்ல பேசிக்கிட்டீங்களா?"

டீச்சர் கொட்டகைக்குப் போய், அன்று இறங்கிய எண்ணெயில் கொஞ்சம் சின்னப் புட்டியில் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் கையில் யாருடைய மேல்வரிசைப் பல்லோ இருந்தது. எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மனிதர் அன்று அந்தப் பல்லைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "என் வேலைல தப்புப் பண்ணினா போட்டுக்கிட்டவங்க அன்னைக்கே வந்து கத்துவாங்க. உன் வேலைல அந்த வசதி இல்லாமப் போச்சே" என்றார்.

முதலில் டீச்சர் தேடிப் போனது நர்ஸைத்தான். மருத்துவமனை வராந்தாவில், மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவரை நிறுத்தினார். நடந்ததை எல்லாம் சொன்னார். புட்டியையும் ஒரு குச்சியையும் நீட்டினார்.

"வேண்டாம் டீச்சர். டியூட்டில இருக்கேன்" என்றார் நர்ஸ். முகத்தில் கோபம் தெரியவில்லை. அதனால் டீச்சருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பறிச்சது என் கை. கொட்டினது என் கை. வேற யாரும் அந்த அண்டாப் பக்கம் வரல. இருந்தும் நீங்க சொன்னதும் நான் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். அண்டாவைக் கழுவிக் கழுவிக் காய்ச்சினேன். ஒவ்வொரு தடவையும் அதே வாசனை. எனக்கு எதுவுமே வராதுன்னு முடிவு பண்ணி எல்லாத்தையும் செடிக்கடியிலயே ஊத்திட்டேன்."

"என்னை மன்னிச்சிடும்மா."

"நீங்க தெரிஞ்சு பண்ணல. அது புரியுது. உங்க அண்ணனை நெனச்சாக்கூட எனக்குப் பெருசா ஒண்ணும் இல்ல, அவர் எனக்கு யாரோ. ஆனா அன்னைக்கு நீங்க ஒரு தடவைகூட 'ஒருவேளை'ன்னு சொல்லலையே டீச்சர்."

உள்ளே யாரோ அழைப்பு மணியை அழுத்தினார்கள். நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து டீச்சர் எங்கள் எல்லோருக்கும் ஆள் விட்டார். மேல்மாடி மறுபடி நிறைந்தது. இரண்டு குச்சிகளைக் கையில் கொடுத்தார். எது எது என்று சொன்னார். அண்ணனை மறைக்கவில்லை, தன்னையும் மறைக்கவில்லை. பேசும்போது நின்றுகொண்டே இருந்தார்.

முதலில் எழுந்தவர் தைலக் கடை வைத்திருந்த ஒருவர். நல்ல வியாபாரி. "என் கடைப் பலகைல சுத்தமானதுன்னு எழுதி வெச்சிருக்கேன். உங்களை நம்பி எழுதினது. இப்ப நான் அதை அழிக்கணுமா? இதை எங்களுக்கு ஏன் சொன்னீங்க? தெரியாமயே இருந்திருப்போமே!"

"நானும் அப்படித்தான் இருந்தேன்" என்றார் டீச்சர். "அதனாலதான் சொல்றேன்."

ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "உங்களுக்கு இப்ப எது புடிச்சிருக்கு டீச்சர்? உண்மையைச் சொல்லுங்க."

டீச்சர் இரண்டு குச்சிகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இன்னும் அண்ணனோடதுதான்" என்றார்.

நாற்காலிகள் நகர்ந்தன. சிலர் சொல்லிக்கொண்டு போனார்கள், சிலர் சொல்லாமல் போனார்கள். தைலக் கடைக்காரர் குச்சிகளை அங்கேயே தரையில் போட்டுவிட்டு இறங்கினார். நர்ஸ் வரவில்லை. வருவார் என்று டீச்சர் எதிர்பார்த்திருக்கிறார் என்பது, ஒரு நாற்காலியை யாரையும் உட்காரவிடாமல் வைத்திருந்ததில் தெரிந்தது.

அதன் பிறகு அவர் ரோஜாவைச் சொல்லித் தருவதில்லை. வேர், பட்டை, பிசின், பழத்தோல் எல்லாம் உண்டு. ரோஜா என்றால், "அதை வேற யார்கிட்டயாவது கத்துக்குங்க. நானே இப்பதான் படிக்கிறேன்" என்பார். படித்துக்கொண்டும் இருந்தார். தினமும் காலையில், வாயில் தண்ணீர்கூடப் படும் முன், அந்தச் சின்னப் புட்டியிலிருந்து ஒரு குச்சி. பல மாதம் அது அவருக்குத் தப்பாகவே தெரிந்தது. கிழவியான பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். ஒருநாள் அந்த மிளகு உறுத்தவில்லை என்று எனக்குப் போன் செய்து சொன்னார். குரலில் சந்தோஷம் இல்லை. கணவர் பின்னாலிருந்து, "இன்னும் மெழுகும் காம்பும் பாக்கி இருக்கு, அதுக்குள்ள ஊரைக் கூட்டுறா" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அண்ணனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. புட்டியின் மேல் இருந்த 'சுத்த' என்ற சொல்லை எடுத்துவிட்டு விற்றார். வாங்கியவர்கள் பலருக்கு எது எடுக்கப்பட்டது என்றே தெரியவில்லை. தைலக் கடைக்காரர் இன்றும் அவரிடம்தான் வாங்குகிறார். சொந்தபந்தங்கள் டீச்சரிடம் வந்து, அப்பா ஸ்தானத்தில் நின்று வளர்த்தவன், ஒரு பூ எண்ணெய்க்காகவா இப்படி, என்று பேசிப் பார்த்தார்கள். டீச்சர் போனை எடுப்பதை மட்டும் நிறுத்தாமல் இருந்தார். அண்ணன் கூப்பிடுவார். கண் எப்படி இருக்கிறது, அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று பேசுவார்கள். ரோஜா என்ற சொல் இருவர் வாயிலும் வராது.

ஒருநாள் மத்தியானம் அண்ணனே அதை எடுத்தார். முழங்கால் பேச்சு முடிந்து, வைத்துவிடப் போகும் நேரம்.

"அந்தப் பொண்ணு கேட்டப்ப ஏன் சொல்லலைன்னு கேட்டியே பாப்பா. நான் யோசிச்சுப் பாத்தேன்."

டீச்சர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"வியாபாரத்துக்காக இல்ல. சத்தியமா இல்ல. அன்னைக்கு நீ அவ்வளவு நல்லா பேசிக்கிட்டு இருந்த. படிச்சவங்க, பெரிய பெரிய ஆளுங்க, எல்லாரும் உன் வாயையே பாத்துட்டு இருந்தாங்க. நம்ம பாப்பாவான்னு இருந்துச்சு. அந்த நேரத்துல குறுக்க விழுந்து அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."

இதை என்னிடம் சொல்லும்போது டீச்சர் அழவில்லை. திருடனாகவே இருந்திருந்தால் தேவலை என்றார். திருடன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். அவன் உண்மையாகவே நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் முட்டாளாக நின்ற நாள்தான் அவனுக்கு என் வாழ்க்கையிலேயே பெருமையான நாள் என்று முடித்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அவ்வளவு நல்லாவா பேசினேன் அண்ணேன்னு கேட்டேன். 'ரொம்ப நல்லா பேசின பாப்பா'ன்னான். சரி, வெச்சிடறேன்னேன்."

அதற்குப் பிறகு அண்ணன் கூப்பிட்டால் கணவர்தான் எடுக்கிறார். "வெளிய போயிருக்கா மச்சான்" என்கிறார். எதிரே டீச்சர் உட்கார்ந்து, தராசில் பிசினை நிறுத்துக்கொண்டிருப்பார். எங்கே போயிருக்கிறாள், எப்போது வருவாள் என்று அண்ணனும் கேட்பதில்லை.